பேரன் சிறுநீரும் வயல் மண்ணும்

இந்த இதழில் நான் வழக்கமாக அமுதக்கரைசல், விதைநேர்த்தி, மூடாக்கு என்றுதான் எழுதுவேன். இந்த முறை என் பேரனின் சிறுநீரைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்க வேண்டாம். தினம் இருபது லிட்டர் கோமியத்தைப் பிடித்து ஊற்றுகிற கூட்டம்தானே நாம்!

என் மகள் இருப்பது அடையாறில். மதுராந்தகம் பக்கம் என் நிலம். வெள்ளிக்கிழமை இரவு அரிசி, கீரை, வாழைக்காயோடு சென்னைக்கு வந்துவிடுவேன். சனிக்கிழமை மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி ஏழெட்டு வீடுகளுக்கு வாடிக்கையாகக் கொடுத்துவிட்டு, பேரனைக் கொஞ்சிவிட்டு, ஞாயிறு மாலை ஊர் திரும்புவேன். வங்கியில் முப்பத்து நாலு வருடம் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் தி.நகரிலும் மயிலாப்பூரிலும்தான். அதனால் அந்தத் தெருக்களில் இன்னமும் "மேனேஜர் சார்"தான் நான்.

பேரனுக்கு அப்போது ஏழு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை போனபோது சம்பந்தி அம்மா, "துணியில ஒன்னுக்கு வாடை கொஞ்சம் தூக்கலா இருக்கு, மஞ்சளா கறை படியுது" என்றார். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. பால் நன்றாகக் குடிக்கிறான். சிரிக்கிறான், குப்புற விழுந்து தவழப் பார்க்கிறான். வெயில் காலம், தண்ணீர்ச் சத்து குறைந்தால் வாடை வரத்தான் செய்யும். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. எதிலும் ஒரு ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும், அது வங்கிப் பழக்கம். டாக்டரிடம் கேட்காமலே தி.நகரில் ஒரு லேபுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு பிளாஸ்டிக் பையை முன்பக்கம் ஒட்டிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பை நிறைந்தது. ரூபாயைக் கட்டிவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, ஒரு மில்லிக்கு 40,000 காலனி. அதற்குக் கீழே எந்தெந்த ஆன்டிபயாடிக்குக்கு அது கேட்கும், எதற்குக் கேட்காது என்று நீளமாக ஒரு பட்டியல். கேட்காது என்ற வரிசைதான் நீளம். 40,000 என்று பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஏழு மாதக் குழந்தை உடம்பில் நாற்பதாயிரமா?

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினோரு வருடமாக என் நிலத்தில் ஒரு சொட்டுப் பூச்சிக்கொல்லி விழவில்லை. பக்கத்து வயல்காரர் தெளித்தால் வரப்பில் நின்று சண்டை பிடிக்கிறவன் நான். அப்படிப்பட்டவன் அந்தப் பட்டியலில் 'கேட்கும்' என்று போட்டிருந்த ஒரு சிரப்பின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு, மயிலாப்பூரில் பழக்கமான மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் பழைய வாடிக்கையாளர். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டார். "சார், இது எச்-ஒன் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாம தர முடியாது. நோட்டுல பேஷண்ட் பேரு, டாக்டர் பேரு எல்லாம் எழுதணும்."

அவர் சொன்னது 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் விதி. 46 மருந்துகளைத் தனி அட்டவணையில் சேர்த்தார்கள், அதில் பாதிக்கு மேல் ஆன்டிபயாடிக்குகள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இந்த விதி வருவதற்கு முன், 2012 ஆகஸ்டில், தொற்றுநோய் மருத்துவர்கள் நம் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விற்பதையும் எழுதுவதையும் கட்டுப்படுத்தச் சொல்லி ஒரு பிரகடனம் செய்தார்கள். 'சென்னை பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குக் கடைக்காரர் மேல் கோபம்தான் வந்தது. இன்றைக்கு அவர் வீட்டுக்கு மாதம் ஒரு தார் வாழை போகிறது.

மாலையில் அடையாறில் எங்கள் குழந்தை மருத்துவரிடம் போனோம். நான்தான் முந்திக்கொண்டு ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. முதலில் குழந்தையைத் தொட்டார். வயிறு, முதுகு, காது, தொண்டை எல்லாம் பார்த்தார். எடை போட்டார். பிறகுதான் ரிப்போர்ட்டைப் பார்த்து, "பையில எடுத்தீங்களா?" என்றார். "ஆமா." "காய்ச்சல் இருந்துச்சா?" "இல்ல." "பஸ் செல்ஸ் ஒண்ணு ரெண்டுதான் இருக்கு. குழந்தை நல்லா இருக்கான். மருந்து வேண்டாம்."

"40,000 கிருமி இருக்கே டாக்டர்?" என்றேன். "நீங்க ஆர்கானிக் விவசாயம்தானே சார் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். மகள் என் கையைப் பிடித்து, "அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள்.

அன்று இரவிலிருந்து நான் படித்ததையும், அடுத்தடுத்த முறை அந்த டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். மண்ணை உயிரென்று நம்புகிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது மற்றவர்களைவிட எளிது. ஆனால் எனக்குத்தான் தாமதமாகப் புரிந்தது.

சுத்தம் என்று நம்பிய இடம்

சிறுநீர் கிருமியே இல்லாத திரவம் என்றுதான் நூறு வருடத்துக்கு மேல் மருத்துவம் நம்பியது. பாஸ்டர் காலத்து ஆராய்ச்சி அது. சிறுநீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தில் அடைத்துக் காற்றுப் படாமல் வைத்தால் கெடாது, திறந்து வைத்தால் கலங்கிவிடும் என்று காட்டினார்கள். அப்படியானால் உள்ளே எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். 2008 வாக்கில் மனித உடம்பின் நுண்ணுயிர்களை எல்லாம் கணக்கெடுக்க அமெரிக்காவில் ஒரு பெரிய திட்டம் தொடங்கியபோது வாய், மூக்கு, தோல், குடல் எல்லாம் பட்டியலில் இருந்தன, சிறுநீர்ப்பை இல்லை. காலி வீட்டுக்கு எதற்குக் கணக்கெடுப்பு என்பது போல.

வீடு காலியில்லை என்று ஏன் தெரியவில்லை? சோதிக்கும் முறையில்தான் விஷயம். லேபில் ஒரு சின்ன வளையக் கம்பியால் சிறுநீரைத் தொட்டு எடுப்பார்கள். அதில் ஒட்டுவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை இரண்டு தட்டில் தேய்த்து, காற்றோட்டத்தில், உடம்புச் சூட்டில், ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஈ.கோலை மாதிரி வேகமாக வளர்கிற, காற்றில் வாழ்கிற கிருமி இருந்தால் காலனி கட்டிவிடும். (காலனி என்றால் சென்னைக்காரனுக்கு வீட்டுமனைதான் ஞாபகம் வரும். இங்கே ஒரு பாக்டீரியா பெருகி உண்டாக்கும் புள்ளி.) மெதுவாக வளர்கிறவை, காற்றே பிடிக்காதவை, வேறு உணவு கேட்கிறவை எல்லாம் அந்தத் தட்டில் தலைகாட்டாது. ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வரும். 'இந்த முறையில் வளர்க்க முடியவில்லை' என்பதுதான் அதற்குச் சரியான பொருள்.

மண் ஆய்வில் இது நமக்குப் பழைய கதை. ஒரு சிட்டிகை மண்ணைத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் முளைப்பது, நுண்ணோக்கியில் தெரிகிற உயிர்களில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதி எல்லாம் இருக்கின்றன, நம் தட்டுக்கு வராது, அவ்வளவுதான்.

சிகாகோவில் லயோலா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு நூறு மடங்கு அதிகச் சிறுநீரை எடுத்து, பலவகை உணவுத் தட்டுகளில், காற்று உள்ளும் இல்லாமலும், இரண்டு நாள் வரை வைத்துப் பார்த்தது. 2014-இல் அதை வெளியிட்டார்கள். மெல்லிய குழாய் விட்டு நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த 65 பெண்களின் மாதிரிகளில் 52-இல் பாக்டீரியா வளர்ந்தது. அந்த 52-இல் 48-ஐ வழக்கமான லேப் முறை 'வளர்ச்சி இல்லை' என்று சொல்லியிருந்தது. இதோடு மரபணுவைப் படிக்கும் முறையும் சேர்ந்தபிறகு சிறுநீர்ப்பை காலி வீடு என்ற பேச்சு போய்விட்டது.

பெரியவர்களுக்குச் சரி, பால் குடிக்கும் குழந்தைக்கு? அங்கேயும் அதே கதைதான். 2020-இல் அமெரிக்காவில் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் சிறுநீரை மரபணு முறையில் பார்த்தார்கள். பிரிவோடெல்லா, பெப்டோநிஃபிலஸ், வீலோனெல்லா, ஃபைன்கோல்டியா என்று வாயில் நுழையாத பெயர்களில் ஒரு கூட்டமே இருந்தது. நம்முடைய ஈ.கோலை வகையும் அதில் ஒன்று. பிறக்கும்போது தாயிடமிருந்தும், பிறகு தோலிலிருந்தும் குடலிலிருந்தும் போய்க் குடியேறுகிறவை இவை. ஈ.கோலை தொற்று வந்த குழந்தைகளிடம்தான் இந்தக் கூட்டம் மெலிந்து, ஒரே வகை மட்டும் மேலோங்கி நின்றது. இதைப் படித்தபோது ஒரே ரகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, உப்பு கொட்டி, வேரழுகல் வந்த பக்கத்துத் தோட்டத்து வெற்றிலைக் கொடிக்கால்தான் என் கண்முன் வந்தது.

கோதன்பர்க் குழந்தைகள்

பேரன் விஷயத்தில் எனக்கு அசல் ஆறுதல் கொடுத்தது சிகாகோ இல்லை, ஸ்வீடன். கோதன்பர்க் என்ற துறைமுக நகரத்தில், நாற்பது வருடத்துக்கு முன்பே, நோய் எதுவும் இல்லாத 3,581 கைக்குழந்தைகளின் சிறுநீரை முதல் வருடத்தில் சோதித்துப் பார்த்தார்கள். சந்தேகம் வந்த குழந்தைகளுக்கு அடிவயிற்றில் ஊசி போட்டு நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்தே எடுத்து உறுதி செய்தார்கள். அதனால் 'தோலிலிருந்து கலந்திருக்கும்' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஆண் குழந்தைகளில் 100-க்கு 2.5 பேருக்கும், பெண் குழந்தைகளில் 100-க்கு 0.9 பேருக்கும் பழைய முறையிலேயே தெரிகிற அளவுக்குப் பாக்டீரியா இருந்தது. காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை, ஒன்றும் இல்லை.

அந்த மருத்துவர்கள் செய்த தைரியமான காரியம், பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்து கொடுக்காமல் கவனித்துக்கொண்டே இருந்தது. ஆறு வருடம் பின்தொடர்ந்தார்கள். ஓரிரு குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் காய்ச்சல் வந்து வைத்தியம் செய்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோரிடம் பாக்டீரியா தானாகவே வந்த வழியில் போய்விட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் கெட்டதற்கான அடையாளம் இல்லை.

அதே நகரத்தில் பள்ளிச் சிறுமிகளிடம் நடந்த இன்னொரு ஆய்வு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொல்லை தராத பாக்டீரியாவோடு நிம்மதியாக இருந்த பிள்ளைகளுக்குத் தொண்டைவலி, காதுவலி என்று வேறு காரணத்துக்காகப் பென்சிலின் மாதிரி மருந்து கொடுத்தார்கள். சிலருக்குச் சிறுநீரிலிருந்த பழைய பாக்டீரியாவும் அதோடு ஒழிந்தது. காலியான இடத்துக்குப் புதுசு வந்தது. வந்தவற்றில் சில சிறுநீரகம் வரை ஏறிக் காய்ச்சலை உண்டாக்கின. குளவியையும் சிலந்தியையும் சேர்த்துக் கொன்றபின் புகையான் பெருகியதை 70-களிலும் 80-களிலும் நெல் வயலில் பார்த்த பெரியவர்கள் நம் இயக்கத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சிறுமிகளில் ஒருத்தியிடம் மூன்று வருடம் சாதுவாக இருந்த ஓர் ஈ.கோலைக்கு 83972 என்று எண் கொடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். சுவரைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகளை உருவாக்கும் திறனை அது இழந்திருந்தது. பற்றாததால் உடம்பும் அதன்மேல் கோபம் கொள்வதில்லை. திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெரியவர்களின் சிறுநீர்ப்பையில் இதைக் கொண்டுபோய்க் குடியேற்றிப் பார்த்தார்கள், தொற்று குறைந்தது. விதைக்கு சூடோமோனாஸ் கிலோவுக்கு 10 கிராம் கலந்து வேரைச் சுற்றி நல்லதைக் குடியேற்றுகிறோமே, அதே யோசனைதான். ஆனால் இது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது, அதுவும் பெரியவர்களுக்கு. குழந்தைக்குச் செய்கிற காரியம் இல்லை.

லட்சம் என்ற கோடு

ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் காலனி இருந்தால்தான் தொற்று என்ற கணக்கை உண்டாக்கியவர் பாஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் காஸ், 1956-இல். பெரிய பெண்களை வைத்துப் போட்ட கோடு அது. குழந்தைக்கு, குழாய் விட்டு எடுத்த மாதிரிக்கு, வேறு கோடு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2011-இல் அதை 50,000 என்று வைத்தார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, சீழ் செல்களும் சிறுநீரில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

வங்கியில் எங்களுக்கும் இப்படி ஒரு கோடு இருந்தது. 90 நாள் வட்டி வராவிட்டால் வாராக்கடன். 89-ஆம் நாள் நல்ல கணக்கு, 91-ஆம் நாள் கெட்ட கணக்கு. கணினி அப்படித்தான் பிரிக்கும். ஆனால் பயிர்க்கடனுக்கு அந்தக் கோடு கிடையாது, குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம் தாண்ட வேண்டும். ஏனென்றால் விவசாயிக்குப் பணம் வருவது அறுவடையில்தான். கோடு போட்டவனுக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். கிளைக்கு வருகிற கடன்காரரை நேரில் பார்த்து, நிலத்தைப் போய்ப் பார்த்து முடிவு எடுத்த மேனேஜர்கள்தான் ஏமாறவில்லை. இவ்வளவு தெரிந்தவன், பேரன் சிரித்துக்கொண்டு மடியில் இருக்கும்போது 40,000 என்ற எண்ணைப் பார்த்து நடுங்கியிருக்கிறேன்!

அந்த 40,000-மும் பையில் எடுத்தது. பை ஒட்டிய தோலில், ஆசனவாய்ப் பக்கத்தில் இருப்பதெல்லாம் அதில் கழுவிச் சேர்ந்துவிடும். டாக்டர் இதை ஒரு வரியில் சொன்னார்: பையில் ஒன்றும் வளரவில்லை என்றால் நம்பலாம், வளர்ந்தது என்றால் நம்பக் கூடாது.

சரியாக எடுத்து இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றார், என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். குழந்தை பெய்யும்போது நடுவில் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். ஏழு மாதக் குழந்தை எப்போது பெய்யும் என்று யாருக்குத் தெரியும்? மெல்போர்னில் 2017-இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை மெல்லத் தேய்த்தால், ஐந்து நிமிடத்துக்குள் 100-க்கு 31 குழந்தைகள் பெய்துவிட்டார்களாம். தேய்க்காதவர்களில் 12 பேர். எங்கள் சம்பந்தி அம்மா மெல்போர்ன் போனதில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் காலில் போட்டு, ஈரப் பஞ்சால் துடைத்து, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றார். டப்பாவைப் பிடிக்க எனக்குத்தான் கை ஓடவில்லை, பாதி என் வேட்டியில். மீதி லேபுக்குப் போனது. கலப்பாகச் சில காலனிகள், குறிப்பிடும்படியான வளர்ச்சி இல்லை என்று வந்தது. சீழ் செல் இல்லை.

காய்ச்சல் வந்த ராத்திரி

இதோடு நிறுத்தினால் 'கிருமி நல்லது, டாக்டர் வேண்டாம்' என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். நம் ஆட்களில் அப்படிச் சிலர் உண்டு, எனக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ராத்திரி பேரனுக்கு 103 டிகிரி. சளி இல்லை, இருமல் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்றைக்கே சிரப் கொடுத்திருக்கலாமோ, நானும் டாக்டரும் சேர்ந்து குழந்தையைக் கெடுத்துவிட்டோமோ என்று. மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பையில் துணியை எடுத்து வைத்தாள். அந்த மௌனம் இன்னும் மோசமாக இருந்தது. ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போனோம். காரணம் தெரியாத காய்ச்சல் என்றதும், அங்கே இருந்த டாக்டர் முதலில் கேட்டது சிறுநீர்தான். இந்த முறை பை இல்லை. மெல்லிய குழாய் விட்டு எடுத்தார்கள். பேரன் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. சீழ் செல் இல்லை, இரண்டு நாள் கழித்து வந்த கல்ச்சரிலும் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, உடம்பெல்லாம் ரோஜா நிறத்தில் தடிப்பு வந்தது. வைரஸ் காய்ச்சல், தானாகப் போய்விட்டது.

அன்றைக்குச் சீழ் செல் இருந்திருந்தால் கதையே வேறு, உடனே ஆன்டிபயாடிக் போட்டிருக்க வேண்டும், நானும் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன். சின்னக் குழந்தைக்குச் சிறுநீரகம் வரை தொற்று ஏறினால் அங்கே தழும்பு விழலாம், இரத்தத்திலும் பரவலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே, எந்த நேரமானாலும், ஆஸ்பத்திரிதான். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கும் காரணம் தெரியாத காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, பெய்யும்போது வீறிட்டு அழுவது, சிறுநீரில் இரத்தம் என்றால் தாமதிக்கக் கூடாது. கைவைத்தியம் பார்க்கிற இடம் இல்லை இது. கோமியத்தை வடிகட்டிக் குழந்தைக்குச் சங்கில் கொடுக்கலாமா என்று போன கூட்டத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. கோமியம் பயிருக்கு.

டாக்டர் சொன்ன வேறு சில விஷயங்கள் நம் வீடுகளுக்கு உபயோகமானவை. ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது முன்தோலை இழுத்து உள்ளே கழுவுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது இயற்கையாகவே ஒட்டியிருக்கும், தானாக விலக வருடங்கள் ஆகும். இழுத்தால் கிழிந்து புண்ணாகும். வெளியே தண்ணீர் ஊற்றினால் போதும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், பின்னாலிருந்து முன்னுக்கு அல்ல. டயபரை ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது. மலச்சிக்கல் இருந்தால் சிறுநீர் முழுசாக வெளியேறாமல் தங்கும், தங்கினால் தொற்று வரும். அதனால் திட உணவு தொடங்கியபின் வயிறு சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாக இருக்கிற குழந்தைக்குச் சும்மா ஒரு கல்ச்சர் எடுத்துப் பார்ப்போமே என்று என்னைப் போல் லேபுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

தரமணியும் நம் தெளிப்பானும்

முதல் ரிப்போர்ட்டில் 'கேட்காது' என்ற வரிசை நீளமாக இருந்தது என்றேன் இல்லையா? ஏழு மாதக் குழந்தை, அதுவரை ஒரு ஆன்டிபயாடிக் சொட்டுகூட உள்ளே போகாதவன். அவன் உடம்பில் இருந்த ஈ.கோலை இத்தனை மருந்தை எங்கே பழகியது? குடும்பத்தில் யாரிடமாவது இருந்து வந்திருக்கலாம், தண்ணீரிலிருந்து, சாப்பாட்டிலிருந்து வந்திருக்கலாம்.

அடையாறிலிருந்து பத்து நிமிட தூரம் தரமணி. அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பாபெனெம் மருந்துகளையே உடைக்கும் நொதியைப் பற்றியது. அப்படிப்பட்ட ஈ.கோலை, கிளெப்சியெல்லா வகைகளைச் சென்னையில் 44 மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் பிரிட்டனில் 37 மாதிரிகளிலும் கண்டார்கள். சிறுநீர்த் தொற்று நோயாளிகளிடமிருந்து எடுத்தவையும் அவற்றில் இருந்தன. அந்த நொதிக்கு நம் தலைநகரின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. பெயருக்கு நடந்த சண்டையில் பாதி மருந்துக்கு நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதில் விவசாயிக்குப் பங்கில்லை என்று நாம் சொல்ல முடியாது. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் என்றால் மருந்துக்கடையில் ஸ்ட்ரெப்டோசைக்ளின் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார்கள். அது ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்தது, மனிதனுக்குப் போடுகிற ஆன்டிபயாடிக்தான். அதை விவசாயத்தில் தடை செய்ய ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்த கொலிஸ்டினை 2019 ஜூலையில் தடை செய்தது. அதுவும் ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுக்கிற மருந்து. இன்னமும் மாட்டுக்கு மடிவீக்கம் என்றால் ஊசி போட்டு, அடுத்த நாளே பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றுகிற ஆள் எங்கள் ஊரிலேயே உண்டு. அவர் பாலும் சென்னைக்குத்தான் வருகிறது.

போன சம்பாவில் என் வயலில் அரை ஏக்கர் இலைக்கருகல் வந்தது. தழைச்சத்து மிகுந்துவிட்டது, கோழி எருவை அள்ளிப் போட்ட என் தப்பு. பக்கத்து வயல்காரர் நல்ல மனதோடு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். "சார், ஒரு தடவை அடிங்க, யாருக்குத் தெரியப் போகுது" என்றார். தண்ணீரை வடித்தேன், பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டித் தெளித்தேன், சூடோமோனாஸ் விட்டேன். அந்த அரை ஏக்கரில் நான்கு மூட்டை குறைந்தது. பொட்டலம் பிரிக்காமல் ஷெட்டில் இருக்கிறது, பேரனின் தி.நகர் ரிப்போர்ட்டும் அதே கோப்பில்தான்.

பேரனுக்கு இப்போது ஒன்றேகால் வயது. பொங்கலுக்கு நிலத்துக்கு வந்திருந்தான். டயபரைக் கழற்றிவிட்டு வரப்பில் நிறுத்தியதும், யாரும் "ஸ்ஸ்ஸ்" சொல்லாமலே, தக்கைப்பூண்டு மடித்துப் போட்ட பாத்தியில் பெய்தான். சம்பந்தி அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.